சேனை வைக்காத கை

நகர வேண்டாம் தாயி, ஜன்னலோரம் நீயே இரு. வயித்தத் தூக்கிக்கிட்டு நீ எந்திரிச்சு உக்காரதுக்குள்ள பஸ்ஸு சங்கரன்கோயில் போயிரும். நான் இந்த ஓரத்துல ஒண்டிக்கிடுதேன். எனக்குக் கோயில்பட்டி. நீ எங்க எறங்கணும்? சங்கரன்கோயிலா? சரி. எத்தன மாசம்? ஏழா? தலைச்சனா? நல்லபடியா பெத்து எந்திரி.

பெத்து எந்திரிச்சா மட்டும் பத்தாது. அதத்தான் இன்னைக்கு என் கண்ணால பாத்துட்டு வாரேன். ஒங்கிட்டச் சொன்னா என்ன, நீயும் நாளைக்குப் பிள்ளை பெறப் போறவ, தெரிஞ்சுக்கோ. எனக்குக் குமட்டுது தாயி. பஸ்ஸு ஆட்டத்துல இல்ல. காலைல தென்காசியில போயி எறங்குனதுலருந்து குமட்டிக்கிட்டேதான் இருக்கு.

எனக்கு ஒரே தம்பி. நயினாருன்னு பேரு, பேங்குல வேலை. அவன் பொண்டாட்டி சுகிர்தா. தென்காசிக்காரி, படிச்ச பிள்ளை, பாக்க லட்சணமாத்தான் இருப்பா. பொம்பளப் பிள்ளை பெத்திருக்கா, நாலாம் மாசம் நடக்கு. அம்மா வீட்டுல கெடக்கா. எங்கள்ல ஒத்தப்பட மாசத்துலதான் பிள்ளையும் தாயையும் கூட்டியாருவோம். மூணாம் மாசமே கூட்டியாந்திருக்கணும். மூணு போச்சு. ஏன் போச்சு? கேளு. அவ பைத்தியக்கார டாக்டர்ட்ட போறா.

நான் வெளாட்டுக்குச் சொல்லல. மனசுக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காவளாம், அவ்வொகிட்ட. என்னட்டி வியாதின்னு கேட்டா, ஒரு வியாதியும் இல்ல. பிள்ளை அழுதா இவளுக்கும் அழுவ வருதாம். பிள்ளை தூங்குனா இவளுக்குத் தூக்கம் வரலயாம். சோறு எறங்கலயாம். இதுக்கு ஒரு டாக்டரு! பிள்ளை பெத்தவ எவளுக்குத் தூக்கம் வந்துச்சு? நம்ம அம்மாமாரு எல்லாம் தூங்கியா பிள்ளை வளத்தாவ?

அதுவும் அந்த டாக்டரம்மாட்ட என்ன சொல்லியிருக்கா தெரியுமா? ‘பிள்ளையப் பாத்தா யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்கு’ன்னிருக்கா. வாயத் தொறந்து! என் தம்பி எங்கிட்டச் சொல்லும்போது எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அப்பிடியே தோணுனாலும், தோணும், எல்லாத்துக்குந்தான் தோணும், அத மென்னு முழுங்கணுமா, இல்ல நடுவீட்டுல துப்பணுமா? சீ.

இந்த லெச்சணத்துல என் தம்பியும் கூடப் போயிருக்கான். அந்த டாக்டரம்மா இவனையும் தனியா உக்கார வச்சு, ‘நீங்க எப்பிடி இருக்கீங்க’ன்னு கேட்டாவளாம். இவன் பொலபொலன்னு அழுதுட்டானாம். மீசை வச்ச ஆம்பள! பேங்குல நாலு பேரு சார் சார்னு நிக்கிற ஆளு! ‘யக்கா, என்னைய ஒருத்தரும் அப்பிடிக் கேக்கலக்கா’ங்கான் எங்கிட்ட. போடா கூறுகெட்டவனே, ஒன்னைய என்னத்தக் கேக்க? நீயா வலியெடுத்துப் பெத்த? கேட்டா, அப்பனுக்கும் மனசு இருக்காம், அதையும் பாத்துக்கிடணுமாம். நல்லா இருக்கு கத.

இன்னொண்ணு சொல்லுதேன், நீ மொகஞ்சுளிக்காத. பாலப் பீச்சி டப்பாவுல அடைச்சு ஃப்ரிட்ஜுல வச்சிருக்கா. தயிருக்குப் பக்கத்துல. நேத்து வச்ச மீன் கொழம்புக்கு மேல் தட்டுல! நான் தண்ணி எடுக்கத் தொறந்தேன், பாத்துட்டுச் சடக்குன்னு மூடிட்டேன். சனி ஞாயிறு என் தம்பி போனா, அவன் அத எடுத்துச் சூடு காட்டிப் பிள்ளைக்குக் குடுக்கணுமாம், இவ தூங்கணுமாம். தூங்குனாத்தான் மூளை தெளியுமாம். தூ. ஆட்டுப்பாலா மாட்டுப்பாலா அது, கறந்து வைக்க?

பத்தியமும் கெடையாது. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குத காயமருந்து இடிச்சு, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி, நான் டப்பா டப்பாவாக் குடுத்துவிட்டேன். எனக்கு மாவு மில்லு இருக்கு தாயி, கோயில்பட்டியில வந்து சொர்ணக்கிளி மில்லுன்னு கேளு, பச்சப்பிள்ளை சொல்லும். என் மில்லுல நானே சலிச்சு எடுத்த சுக்குப் பொடி. தொடலயே. புரோட்டா வாங்கித் திங்கா. பச்ச ஒடம்புக்காரி புரோட்டா திங்கலாமா? ‘ஆசையா இருந்துச்சு மைனி, ரொம்ப நாளைக்கப்புறம் ஒண்ணு திங்கணும்னு தோணுச்சு’ங்கா. தோணுச்சாம். இவளுக்கு எல்லாம் தோணும்.

சரி, இதெல்லாத்தையும் கூடப் பொறுத்துக்கிடுவேன். சேனை விசயத்த மட்டும் என்னால முழுங்க முடியல.

ஒங்க பக்கம் சேனை வைக்க வழக்கம் உண்டுல்லா? பிள்ளை பொறந்ததும் சீனித்தண்ணியத் தொட்டு நாக்குல வைப்பாவளே, அதான். யாரு சேனை வைக்காவளோ அவங்க கொணம் பிள்ளைக்கு வரும். எங்கள்ல அது அத்தைக்காரி உரிமை. என் தம்பி பிள்ளைக்கு நான்தான வைக்கணும்? நானும் குளிச்சு முழுகி, புதுச்சேலை கட்டி, வெள்ளிக் கிண்ணத்துல சீனியக் கரச்சு எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்கேன். உள்ளருந்து எங்க அம்மா வாரா. ‘நீ இங்ஙனயே இருட்டி, சேனை வச்சாச்சு’ங்கா. யாரு வச்சான்னேன். சுகிர்தா வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு வாத்தியாரு பொண்டாட்டியாம். பொறுமைசாலியாம். ‘அவ்வொ வீட்டாளுக இஷ்டத்துக்கு நடந்து போச்சு, நீ அத ஒண்ணும் பெருசு பண்ணாத’ன்னுட்டா எங்க அம்மா.

வாத்தியாரு பொண்டாட்டி! அந்தக் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு நான் எம்புட்டு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியாது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தச் சம்பந்தம் நமக்கு ஆவாதுன்னு. ஒருத்தி மொகத்துல கரியப் பூசுறதுக்கு அளவு வேண்டாமா? இப்ப அந்தப் பொறுமைசாலி சேனை வச்ச பிள்ளை எப்பிடிக் கத்துது தெரியுமா? தெருவே எட்டிப் பாக்குது. நல்லா வேணும்.

போன வெள்ளிக்கிழமை எங்க அம்மா கூப்புட்டா. ‘நயினாரு வாயில்லாப் பூச்சி, அவனால ஆவாது. நீ போட்டி. அஞ்சாம் மாசத்துல ஒரு நாள் குறிச்சுட்டு வா. ஆனா ஒண்ணு, அந்த மாத்திரையோட அவ நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது. ஊரு வாய மூட ஒலைமூடி உண்டா? எல்லாத்தையும் தலையச் சுத்தித் தூக்கிப் போட்டுட்டு வரச் சொல்லு. நீ மட்டும் அத முடிச்சுட்டேன்னா, பிள்ளைய நீயே தூக்கிக்கிட்டு வாசப்படி ஏறுட்டி.’ அப்பிடின்னா.

எனக்கு ஒண்ணும் ஓடல தாயி. நானே தூக்கிக்கிட்டு வாசப்படி ஏறணுமாம்! எங்க வகையறாவுல எத்தனையோ பிள்ளை பொறந்திருக்கு, சித்தப்பா மக்க பிள்ளைக, பெரியம்மா பேரப்பிள்ளைக. ஒண்ணையும் எங்கையில குடுத்ததில்ல. தொட்டில் போடுத அன்னைக்குப் பந்தி பரிமாறக் கூப்புடுவாவ, அதோட சரி. எனக்கு மில்லு சோலி. கையெல்லாம் மாவும் வத்தப்பொடியுமா இருக்கும், பச்சப்பிள்ளைக்கு ஆவாது. அதான் குடுக்க மாட்டாவ. வேற ஒண்ணுமில்ல.

எனக்கும் பிள்ளை உண்டு. இல்லாதவ பேசுதான்னு நெனச்சிராத. கோமதிநாயகம்னு பேரு, கோயமுத்தூருல இஞ்சினியரு வேலைக்குப் படிக்கான், ராசா மாதிரி இருப்பான். நீ எறங்குத சங்கரன்கோயில்லதான் வளந்தான். எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் ஒருத்தரு, அவரு பொண்டாட்டி, என் ஓர்ப்படியா, வள்ளிமயிலக்கா. அவ்வொதான் வளத்தாவ. அவ்வொளுக்குப் பிள்ளை இல்ல. எனக்கு அப்பக் கொஞ்சம் மேலுக்குச் சொகமில்ல, தூக்கிட்டுப் போயி வளத்தாவ. அவ்வொளத்தான் அம்மாங்கான். என்னையச் சித்தின்னு கூப்புடுவான். அப்பிடியே பழகிட்டு. வருசா வருசம் பொங்கலுக்கு எனக்குச் சேலை எடுத்துத் தாரான் பாத்துக்கோ. வயித்துல சொமந்த பிள்ளைக எத்தன பேரு எடுத்துத் தாரான்? சொல்லு.

மேலுக்குச் சொகமில்லன்னா, பெருசா ஒண்ணுமில்ல. பெத்த புதுசுல எனக்கும் தூக்கம் வரல. நானா டாக்டர்ட்ட ஓடுனேன்? துணி தொவைக்கப் போயிருவேன். தொவைச்ச துணியவே திருப்பித் திருப்பித் தொவைப்பேன், அழுக்குப் போன மாதிரியே இருக்காது. ஒரு நாள் நல்ல உச்சி வெயிலு, கொல்லைக் கெணத்துக்குத் தண்ணி எடுக்கப் போனேன். பிள்ளை கையில இருந்துச்சு. அதப் பாத்துட்டு எங்க மாமியா குய்யோ முய்யோன்னு ஒரு சத்தம் போட்டா பாரு, தெரு சனம் பூரா வந்துட்டு. கோட்டி பிடிச்சுட்டு, பைத்தியம் பிடிச்சுட்டுன்னு பிள்ளையப் பிடுங்கிட்டாவ. நான் தண்ணி எடுக்கப் போனவ. என்ன, வாளி கொண்டு போவ மறந்துட்டேன். அதுக்கு இம்புட்டு அமர்க்களமா? மறதி யாருக்குத்தான் இல்ல?

அப்புறம் ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாவ. வேப்பங்கொழை எடுத்து அடிச்சாவ, தலையில தண்ணிய ஊத்துனாவ, ராவும் பகலும் எங்க அம்மா காவலுக்கு உக்காந்திருந்தா. கொஞ்ச நாளு. வீட்டுக்கு வந்தேன், பிள்ளை சங்கரன்கோயில் போயிருச்சு. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு ரெண்டும் கல்லாட்டம் வீங்கி, மல்லிகப்பூவ அரச்சுப் பத்துப் போட்டாவ. அதுவும் வத்திப் போச்சு. அப்புறம் எங்க வீட்டுக்காரரு மில்லு வச்சுக் குடுத்தாரு, எந்திரிச்சு நின்னுட்டேன். நான் ஏன் இதச் சொல்லுதேன்? ஒரு மாத்திரை தின்னேனா? யாருகிட்டயாவது போயி ஒப்பாரி வச்சேனா? சரியாயிட்டேன்லா? இன்னைக்கு என்னையப் பாத்தா யாராவது சொல்லுவாவளா?

சரி, இன்னைக்குக் கதைக்கு வா. காலைல போனேன். சுகிர்தா அம்மா காப்பி குடுத்தா. ‘இருங்கம்மா, ஒரு எட்டுச் சந்தைக்குப் போயி நாட்டுக்கோழி வாங்கியாந்துருதேன், சாப்புட்டுத்தான் போவணும்’னுட்டுப் பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நான் வந்த சோலி என்னன்னு மணம் பிடிச்சுட்டா, அதான் ஓடுதா. ஓடட்டும். எனக்குச் சோலி மகளோட.

சுகிர்தா நைட்டியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நெத்தியில பொட்டு கெடையாது. மடியில பிள்ளை. சன்னல் தட்டுல மாத்திரை அட்டை. ஒளிச்சுக்கூட வைக்கல! வந்தவ போனவ பாக்கும்படியா, திருநீத்து மரவைக்குப் பக்கத்துல வச்சிருக்கா. எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. ஆரம்பிச்சுட்டேன். ஒத்தப்பட மாசத்தச் சொன்னேன், ஊரு பேசுததச் சொன்னேன், ‘நாளைக்கு இந்தப் பொம்பளப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது, தாய்க்காரி கோட்டி மாத்திரை தின்னவளான்னு கேப்பான்ட்டி’ன்னேன். நாக்கப் பிடுங்குத மாதிரி கேட்டேன். ‘அந்த அட்டைய எடு, எங்கண்ணு முன்னால கக்கூஸுல போட்டுத் தண்ணிய ஊத்து, அஞ்சாம் மாசம் பொறந்ததும் நல்ல நேரம் பாத்துப் பெறப்புடுவோம்’னேன்.

அவ எதுத்துப் பேசுவான்னு பாத்தேன். பேசுனா நானும் நாலு போடலாம்லா? பிள்ளைய மடியில சரியாப் போட்டுக்கிட்டா. பொறவு கேக்கா, ‘மைனி, சேனை விசயத்துல எம்மேல கோவமா?’

‘இல்லாம?’ன்னேன்.

‘நான் ஒங்க கையாலதான் வைக்கணும்னு சொன்னேன் மைனி. என் பிள்ளைக்கு ஒங்க தைரியம் வரணும்னு ஆசைப்பட்டேன். அத்தைதான், ஒங்க அம்மாதான், ஒரே பிடியா நின்னாவ. அவ கை வேண்டாம், கோட்டிக் கொணம் பிள்ளைக்கு வந்துரும்னு.’

பொய்யி. பாத்தியா, எப்பிடிப் புளுகுதா? எங்க அம்மா அப்பிடிச் சொல்லுதவளே கெடையாது. பெத்த மகளப் போயி யாராவது அப்பிடிச் சொல்லுவாவளா? மாத்திரை தின்னா புத்தி பெரண்டு வாய்க்கு வந்ததப் பேசும் போல. தாயையும் மகளையும் பிரிக்கப் பாக்கா. எங்க அம்மா என்னைய அந்தக் கோயில்ல தனியா விட்டவளா? ராவும் பகலும் என் கால்மாட்டுலயே இருந்தவ. கதவப் பூட்டிட்டுத்தான் தூங்குவா, அம்புட்டுப் பாசம்.

இரு, போன் அடிக்கு. எங்க அம்மாதான். பஸ்ஸு ஏறுனதுலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. இருக்கட்டும், அப்புறமாப் பேசிக்கிடலாம். இந்த ரோட்டுல சிக்னல் கெடைக்காது.

எங்க விட்டேன்? ஆங். அத்தோட நிறுத்துனாளா? ‘மைனி, ஒங்களுக்கு அப்ப எப்பிடி இருந்துச்சு?’ங்கா. எப்ப எப்பிடி இருந்துச்சுன்னேன். ‘நாயகம் பொறந்தப்ப’ங்கா. என்ன நெஞ்சழுத்தம் பாரு! எங்க வீட்டுக்காரரு கேட்டதில்ல. எங்க அம்மா கேட்டதில்ல. அந்தப் பேச்சே எங்க வீட்டுல எடுக்கதில்ல. நேத்து வந்தவ, நைட்டியோட உக்காந்துக்கிட்டு, காப்பி குடிச்சீங்களான்னு கேக்குத மாதிரி கேக்கா.

‘எனக்கு ஒண்ணுமில்ல’ன்னேன். ‘ஊருக்காரன் பேச்சக் கேக்காத. நான் கெணத்துக்குத் தண்ணி எடுக்கப் போனேன்’னேன்.

அவ பிள்ளையத் தட்டிக்கிட்டே, குனிஞ்ச தலை நிமிராமச் சொல்லுதா, ‘நானும் மொட்டமாடிக்குத் துணி எடுக்கப் போனேன் மைனி. பாப்பாவையும் தூக்கிக்கிட்டு. செவரு ஓரம் வரைக்கும் போயிட்டேன். கொடியில துணியே இல்ல மைனி.’

கேட்டியா? கேட்டியா இந்தக் கொடுமைய? இதெல்லாம் வெளிய சொல்லுத பேச்சா? எனக்கு வந்துச்சு பாரு ஒரு அருவருப்பு! எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிட்டேன். போயி, குடிச்ச காப்பியப் பூரா வாந்தியெடுத்தேன். குழாயத் தொறந்து மூஞ்சியக் கழுவுனேன், கழுவுனேன், கழுவிக்கிட்டே நின்னேன். அவ வந்து குழாய அடைச்சா. துண்டு குடுத்தா. ‘அன்னைக்குச் சாயங்காலமே அவரு என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டாரு மைனி. இப்பப் பரவால்ல. தூங்குனா இன்னும் சரியாயிருவேன்’னா.

துண்ட வாங்கித் தொடச்சேன். வந்து நார்க்கட்டில்ல உக்காந்தேன். அப்பச் செஞ்சா பாரு ஒரு வேல, அதுதான் எல்லாத்துக்கும் மேல. ‘மைனி, ராத்திரி பூரா முழிப்பு. பகல்ல நம்பிக்கையான ஆளு யாராவது இருந்தா பிள்ளையக் குடுத்துட்டுத் தூங்கச் சொல்லியிருக்காவ டாக்டரம்மா. நீங்க வச்சிருங்க’ன்னு சொல்லி, பிள்ளைய எம்மடியில போட்டுட்டா.

எம்மடியில!

‘ஏட்டி, என் கை சொரசொரன்னு இருக்கும்ட்டி, மாவுக்கை’ங்கேன். ‘பரவால்ல மைனி’ங்கா. ‘ஒங்க அம்மா வந்துரட்டும்ட்டி’ங்கேன். கொட்டாவி விட்டுக்கிட்டே உள்ள போறா. ‘எனக்குப் பச்சப்பிள்ளை பழக்கமில்லட்டி, ஏ சுகிர்தா’ங்கேன். கதவச் சாத்திட்டா. செத்த நேரத்துல கொறட்டைச் சத்தம் கேக்கு. ஒரு பொம்பளைக்குக் கொறட்டை! பெத்த பிள்ளைய அடுத்தவ மடியில போட்டுட்டு, பட்டப்பகல்ல, கொறட்டை விட்டுத் தூங்குதா. இவள்லாம் ஒரு தாயா? நீயே சொல்லு. ஒங்க ஊருல உண்டா இப்பிடி? எவ என்ன செய்வான்னு ஒரு பயம் வேண்டாம்?

பிள்ளை சும்மா இருக்கா? நெளியுது, வளையுது, கத்துது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தோள்ல போட்டேன், வயித்துல போட்டேன். குப்புனு பாலக் கக்கிட்டு. இந்தா, இந்தத் தோள்லதான், இன்னும் புளிச்ச வாடை அடிக்கு பாரு. கர்மம். ‘வேற சேலை தாரேன் மைனி, மாத்திக்கோங்க’ன்னா பொறவு. வேண்டாம்னுட்டேன். பஸ்ஸுக்கு நேரமாயிட்டு, எவ சேலைய மாத்திக்கிட்டிருப்பா?

அவ எந்திரிச்சு வந்தப்ப மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு. அதச் சொல்லத்தான் வேணும். பிள்ளை எம்மடியில தூங்கிக்கிட்டிருந்துச்சு. ‘அசையாதீங்க மைனி, முழிச்சிருவா. அந்த மாத்திரைய மட்டும் எட்டி எடுத்துக் குடுங்க’ங்கா. எனக்குக் கையெட்டுற தூரத்துலதான் இருக்கு அட்டை. நான் எதுக்குப் போனேன்? அதத் தூக்கிப் போடத்தான போனேன்? எடுத்தேன். எடுத்துக் கையில வச்சிருந்தேன். அவ கைய நீட்டிக்கிட்டு நிக்கா. கொடியில துணியே இல்லன்னு சொன்ன வாயி. என்னத்தச் செய்ய? ஒண்ணப் பிச்சு அவ கையில வச்சேன். செம்புத் தண்ணியையும் எடுத்துக் குடுத்தேன். முழுங்குனாளான்னு பாத்தேன். ‘நாளைக்கும் மறக்காமப் போடுட்டி’ன்னு என் வாயில வந்துட்டு. எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. ஒவ்வாத காப்பி தாயி அது.

நாளும் குறிக்கல. எங்க அம்மா மொகத்துல எப்பிடி முழிக்கப் போறேன்னு தெரியல. நல்லாச் சாமியாடுவா. இனி எவ என்னையப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாசப்படி ஏறச் சொல்லப் போறா? எல்லாம் அந்தக் கூறுகெட்டவளால. மாத்திரை முடியிற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்னு நானே சொல்லிருவேன் போல. சொல்லிட்டு வாங்கிக் கட்டிக்கிடணும். அடுத்த வாரமும் வாங்க மைனின்னு வேற சொல்லிவிட்டிருக்கா. எனக்கு வேற வேலையில்ல பாரு, வாராவாரம் வந்து இவளத் தூங்க வைக்க. வியாழக்கிழமை மில்லுக்கு லீவுதான். அதுக்காக?

அடுத்த ஸ்டாப்பு சங்கரன்கோயில். பையப் பிடிச்சுக்கோ, அவசரப்படாத, வண்டி நின்னப்புறம் எந்திரி. இந்தா, போன் மறுபடியும் அடிக்கு. எடுத்தா என்ன கேப்பா தெரியுமா? ‘நாள் பூரா அங்க என்னட்டி செஞ்சே?’ம்பா. என்னத்தச் சொல்ல, நீயே சொல்லு. ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருந்தேன். பிள்ளை மடியில கெடந்துச்சு. அவ உள்ள தூங்குனா. தெருவுல ரெண்டு பொம்பளைக போனாவ, வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாவ, பிள்ளை தூங்குதான்னு சாடையில கேட்டாவ, சிரிச்சுட்டுப் போயிட்டாவ. சந்தைக்குப் போன சுகிர்தா அம்மா வந்தா, எங்கையில பிள்ளையப் பாத்தா, கோழியக் கொண்டுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அம்புட்டு நேரமும் எம்மடியிலதான் கெடந்துச்சு தாயி. ஒருத்தரும் வந்து பிடுங்கல.